குயில் குன்றிலிருந்து வந்த பென்னிகுயிக்: ஆங்கில, ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களின் வேர் தேடுவது எப்படி?

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் பெயரைக் கேட்டதும், 'பென்னி' என்றால் சில்லறைக் காசு, 'குயிக்' என்றால் வேகம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். இரண்டும் பொருந்தாது. எடின்பரோவுக்குத் தெற்கே, மிட்லோதியன் பகுதியில் பெனிகுக் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கிலம் அங்கே போய்ச் சேருமுன் பேசப்பட்ட மொழி, இன்றைய வெல்ஷுக்கு உறவான ஒரு பழைய மொழி. அதில் 'பென்' என்றால் தலை, குன்று. 'கோக்' என்றால் குயில். ஆக, குயில் குன்று. அந்த ஊர்ப்பெயர்தான் குடும்பப் பெயராகி, பெனிகுக், பென்னிகுக், பென்னிகுயிக் என்று பல எழுத்துக்கூட்டுகளில் நிற்கிறது.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி, இன்றைய வடிவத்தை உடைத்துப் பொருள் சொல்வதால் வருபவை. முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும், அடுத்து அவர் ஊரை, அதற்கடுத்து அந்த ஊரில் அந்தப் பெயர் எழுதப்பட்ட மிகப் பழைய வடிவத்தை. பொருள் கடைசியில்தான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

தொடங்குமுன்: பெயர் எப்போது பரம்பரையானது?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் வைத்திருந்த பிரபுக்களிடம் முதலில் இந்த வழக்கம் ஊன்றியது. தகப்பன் நிலம் மகனுக்குப் போகும்போது நிலத்தின் பெயரும் கூடவே போனது. சாதாரண மக்களிடம் அது பரவ இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் இருந்தது. தெற்கு முந்திக்கொண்டது, வடக்கு பின்தங்கியது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலம் அதற்கும் பிந்தியது. மலைநாட்டில் 18ஆம் நூற்றாண்டு வரை பல குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. ஷெட்லாந்துத் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டிலும் தகப்பன் பெயரோடு 'சன்' அல்லது 'டாட்டர்' சேர்க்கும் வழக்கம் இருந்தது. நம் ஊர் முன்னெழுத்து முறைக்கு இது பக்கத்து வீடு.

இதனால் ஒரு சோதனை தேவைப்படுகிறது. 1379இன் தலைவரிப் பட்டியலில் 'ஜான் வில்லியம்சன்' என்று கண்டால், அது பரம்பரைப் பெயரா, வெறும் தகப்பன் பெயரா? அவர் தகப்பன் பெயர் ராபர்ட் என்று வேறொரு பதிவில் தெரிந்தால் பெயர் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்மித், அதாவது கொல்லர், என்ற பெயருள்ளவர் தோல் பதனிடுபவராக இருந்தாலும் அதே முடிவுதான். பெயரும் உண்மையும் முரண்படும் இடத்தில்தான் பரம்பரைப் பெயர் தெரிகிறது.

படி 1: பின்னோக்கிச் செல்லுங்கள்

தெரிந்த ஆளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக 1600இன் பிரபு ஒருவரிடம் தாவினால், வேறொருவர் வம்சத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து விவரங்கள் குறியுங்கள்: தேதி, ஊர் அல்லது பங்கு (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் பகுதி), பதிவின் வகை, பெயர் எழுதியிருக்கும் எழுத்துகள் அப்படியே, யாருடைய பெயர்கள் உடன் வருகின்றன என்பது. எழுத்துக்கூட்டைத் 'திருத்தி' எழுதிவிடாதீர்கள். பின்னால் உங்களுக்குத் தேவைப்படும் தடயமே அந்தப் 'பிழை'தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1. பதினேழரை ஆண்டு தாமதம்தான். ஆனால் ஸ்காட்லாந்துச் சான்றிதழ் பல மடங்கு பணக்காரச் சான்றிதழ். அங்கே திருமணச் சான்றிதழில் இரு தரப்புத் தாய் தகப்பன் பெயர்களும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் இருவர் பெயரும் உண்டு. ஆங்கிலேயத் திருமணச் சான்றிதழில் தகப்பன் பெயர் மட்டுமே இருந்தது. தாயின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். உங்கள் ஆள் 1855இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவராகவோ இறந்தவராகவோ இருந்தால் அதிர்ஷ்டம். அந்த ஓர் ஆண்டின் படிவம் மிக விரிவானது. எழுத்தர்களுக்கு வேலை தாங்காமல் அடுத்த ஆண்டே பல பகுதிகளை வெட்டிவிட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841ஐ நம்பி வயது கணக்கிடாதீர்கள். 15க்கு மேற்பட்டவர்கள் வயதை அருகிலுள்ள 5இன் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். பிறந்த பங்கின் பெயர் 1851இலிருந்துதான் கிடைக்கிறது. குடும்பப் பெயர் ஆய்வுக்கு அந்த ஒரு நெடுவரிசை தங்கம். இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் எரிந்தது, 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1939இல் எடுத்த பதிவேடு இருக்கிறது.

அரசுப் பதிவுக்கு முன்னால் போக, தேவாலயப் பதிவேடுகள்தான் வழி. இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1538இல் உத்தரவிட்டவர் எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். ஸ்காட்லாந்தில் தப்பியிருக்கும் மிகப் பழைய பதிவேடு பெர்த்ஷயரின் எரோல் பங்கினுடையது, 1553இல் தொடங்குகிறது. ஆனால் அங்கே பல பங்குகளில் இடைவெளிகள் மிக அதிகம்.

தேதியில் ஒரு கண்ணி உண்டு. இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. எனவே ஆங்கிலப் பதிவேட்டில் '1640 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதைக் கவனிக்காவிட்டால், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும் இறந்த பிறகு உயில் எழுதியதாகவும் கதை போகும்.

ஸ்காட்லாந்துக்கு அரசின் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளம். பெயர்ப் பட்டியலில் தேடுவது இலவசம், மூலப் படத்துக்குக் கட்டணம். அங்கே இணையத்தில் படம் கிடைக்க, பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கழிய வேண்டும். இங்கிலாந்துக்கு ஃப்ரீ பிஎம்டி, ஃபேமிலி சர்ச் தளங்கள், இரண்டும் இலவசம். தேடும் வம்சம் சென்னை வழியாகப் போனால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களைப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 'என் 2' என்ற வரிசையில் இருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இதுவே முக்கியப் பாலம்.

படி 2: மாற்று வடிவங்களின் பட்டியல் போடுங்கள்

18ஆம் நூற்றாண்டு வரை 'சரியான' எழுத்துக்கூட்டு என்ற எண்ணமே பெயர்களுக்கு இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் சொன்னதை எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்தவரும் ஒழுங்காக இருக்கவில்லை: ஷேக்ஸ்பியரின் ஆறு கையெழுத்துகள் தப்பியிருக்கின்றன, அவற்றில் எழுத்துக்கூட்டு ஒரே மாதிரி இல்லை. 'எங்கள் குடும்பம் எப்போதும் கடைசியில் ஈ போட்டுத்தான் எழுதும்' என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் தாத்தா காலத்து வழக்கமாக இருக்கும்.

மாற்றங்கள் கண்டபடி நடப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் தடங்கள் உண்டு. 'கே எஸ்' ஒலி 'எக்ஸ்' ஆகும்: டிக்சன் இரண்டு விதமாக எழுதப்படுவது இதனால்தான். 'எம்'முக்கும் 'எஸ்'ஸுக்கும் நடுவே 'பி' நுழையும்: சிம்சன், சிம்ப்சன் ஆனது. தாம்சனில் 'பி' இல்லாத வடிவம் ஸ்காட்லாந்தில் மிகுதி, உள்ளது இங்கிலாந்தில். 'எர்' ஒலி 'ஆர்' ஆகும்: கிளெர்க் – கிளார்க், மெர்ச்சன்ட் – மார்ச்சன்ட், பெர்க்லி – பார்க்லே. முதல் 'ஹெச்' உதிரும்: யார்க்ஷயரின் ஆர்மிட்டேஜ், துறவி குடில் என்ற பொருளுள்ள ஹெர்மிட்டேஜ்தான். கடைசியில் 'எஸ்' அல்லது 'ஈ' ஒட்டும்: புரூக், புரூக்ஸ். முன்னிடைச் சொல்லின் வால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்: 'அட்டென் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தடியில் இருப்பவர், நாஷ் ஆனார், ஓக் மரத்தடிக்காரர் நோக்ஸ் ஆனார்.

எழுத்தும் ஒலியும் வெகுதூரம் விலகிய பெயர்கள் தனி ரகம். சம்லி என்று சொல்லப்படும் பெயரை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்தால் சோல்மாண்டெலி வரும். கஹூன் என்ற ஒலிக்கு எழுத்தில் கோல்குஹவுன். மூலப் பதிவில் ஒலியை நம்பி எழுதியிருப்பார்கள், அட்டவணையில் எழுத்தை நம்பித் தேடுவீர்கள், இரண்டும் சந்திக்காது. பெயரை உள்ளூர்க்காரர் எப்படி உச்சரிக்கிறார் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தின் 'இசட்' இன்னொரு புதிர். பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்றொரு எழுத்து இருந்தது. 'ய' போன்ற ஒலி. பார்வைக்கு அது கையெழுத்து 'இசட்' போலவே இருக்கும். அச்சுக்காரர்களிடம் அந்த எழுத்து இல்லாததால் 'இசட்' போட்டார்கள். மென்சிஸ் என்று எழுதி மிங்கிஸ் என்பதும், டால்சியல் என்று எழுதி டியெல் என்பதும் இதனால்தான். நம் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயரிலும் இந்த 'இசட்' பழைய யோக்தான். ஒரு காலத்தில் மெக்கென்யி போல ஒலித்தது. மூலம், ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழியான கேலிக்கில் காயின்னியாக் என்ற பெயர், ஆங்கிலத்தில் கென்னத். அங்கே எழுத்து வென்று உச்சரிப்பையே மாற்றிவிட்டது.

பட்டியல் போட்ட பிறகு தேடல் கருவிகளின் குறைபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பல தளங்கள் சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மீதிக்கு மூன்று இலக்கம் கொடுக்கும். ஸ்மித்தை 'ஐ' போட்டு எழுதினாலும் 'ஒய்' போட்டு எழுதினாலும் எஸ் 530 வரும், நல்லது. ஆனால் முதல் எழுத்து மாறினால் கைவிட்டுவிடும். நைட் என்ற பெயரை 'கே'யில் தொடங்கினால் கே 523, 'என்'னில் தொடங்கினால் என் 230. ரைட், பிலிப்ஸ் போன்றவற்றுக்கும் இதே கதி. அதனால் முதல் எழுத்தை மாற்றி மாற்றிக் கையால் தேட வேண்டும். மெக் பெயர்களை முன்னொட்டு இல்லாமலும் தேடுங்கள்.

பழைய கையெழுத்தில் தவறாகப் படிப்பதும் மாற்று வடிவங்களைப் பிறப்பிக்கும். நீள 'எஸ்' எழுத்து 'எஃப்' போலிருக்கும். ராஸ் என்ற பெயரை அட்டவணை தயாரித்தவர் ராஃப்ஸ் என்று படித்திருப்பார். பெயரின் தொடக்கத்தில் இரண்டு சிறிய 'எஃப்' வந்தால் அது பெரிய 'எஃப்' ஒன்றுதான். 'யு'வும் 'என்'னும் எப்போதும் குழப்பும்.

படி 3: வரைபடத்தில் போடுங்கள்

1881 கணக்கெடுப்பை வைத்துக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகப் பெயரின் பரவலைக் காட்டும் வரைபடங்கள் இணையத்தில் உண்டு. தலைக்கணக்கைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: லங்காஷயரில் ஒரு பெயருக்கு 340 பேர், வெஸ்ட்மோர்லாந்தில் 32 பேர் என்று வைத்துக்கொள்வோம். லங்காஷயரின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 34 லட்சம், வெஸ்ட்மோர்லாந்தில் 64 ஆயிரம். ஒரு லட்சம் பேருக்கு முன்னதில் 10, பின்னதில் 50. பெயரின் வீடு வெஸ்ட்மோர்லாந்து. பருத்தி ஆலை வேலைக்கு லங்காஷயர் போனவர்கள்தான் அந்த 340. அடுத்து, வீட்டு அடுப்புகளை எண்ணி விதித்த 17ஆம் நூற்றாண்டின் அடுப்பு வரிப் பட்டியல்களில் அதே பகுதியைத் தேடுங்கள்: இங்கிலாந்துக்கு 1662 முதல் 1689 வரை, ஸ்காட்லாந்துக்கு 1690களில். அங்கேயும் பெயர் இருந்தால் ஊர் உறுதி.

படி 4: இப்போது வகை பிரியுங்கள்

இடம், தொழில், முன்னோர் பெயர், பட்டப்பெயர் என்று நான்கு வகை. பிரிவு எளிது, பொருத்துவதுதான் கடினம்.

இடப்பெயர்களில் வட்டார முத்திரை அழுத்தமாக இருக்கும். 'ராய்ட்' என்று முடிந்தால் மேற்கு யார்க்ஷயரில் காடு வெட்டித் திருத்திய நிலம்: அக்ராய்ட், மர்காட்ராய்ட். 'பாட்டம்', 'பாதம்' லங்காஷயர் பக்கத்துப் பள்ளத்தாக்கு: ராம்ஸ்பாட்டம், ஹிக்கின்பாதம். சென்னை அண்ணா சாலையின் புத்தகக் கடைப் பெயர் ஞாபகம் வந்தால் சரிதான். ட்ரே, போல், பென் என்று தொடங்கினால் கார்ன்வாலை நினையுங்கள். ஆனால் பென்னிகுயிக்கை மறக்காதீர்கள், அந்த விதிக்கும் விலக்கு உண்டு. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது இந்த வகையின் தலைவலி. கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. அப்படியொரு ஊற்று எங்கேயும் இருக்கலாம். யார்க்ஷயரிலும் இருக்கிறது, ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரிலும் இருக்கிறது. படி 3 முடிக்காமல் இதில் கை வைத்தால் தவறான ஊரில்தான் போய் நிற்பீர்கள்.

தொழில் பெயரில் அழகான சான்று துணி வேலை. நெய்த கம்பளித் துணியை நீரில் போட்டு மிதித்து இறுக்குபவருக்கு வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். வேலை ஒன்று, சொல் மூன்று. நெசவாளருக்கு வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வெப்ஸ்டர், தென்மேற்கில் வெப்பர். எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான் ஆய்வுக்கு மிகக் கடினம். ஸ்மித் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் முதலிடம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொல்லர் இருந்ததால் தனித்தனியாக எண்ணற்ற முறை பிறந்த பெயர்.

முன்னோர் பெயர்களில் செல்லப்பெயர் தெரியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. ராபர்ட்டுக்கு ராப், ஹாப், டாப். அதனால் ராப்சன், ஹாப்சன், டாப்சன், ஹாப்கின்ஸ் எல்லாம் ஒரே தகப்பன் பெயரின் பிள்ளைகள். ரிச்சர்டுக்கு டிக், ஹிக்; ரோஜருக்கு ஹாட்ஜ். தாயின் பெயரிலிருந்தும் வரும்: மெட்டில்டாவிலிருந்து டில்லட்சன், மேரியிலிருந்து மாரியட். 'சன்' ஒட்டு வடக்கிலும் தாழ்நில ஸ்காட்லாந்திலும் மிகுதி. வெறும் 'எஸ்' ஒட்டு தெற்கிலும் வேல்ஸ் எல்லையிலும். வேல்ஸில் 'ஆப்' என்றால் மகன்: ஆப் ஹாரி சுருங்கிப் பாரி ஆனது. சென்னைப் பாரிமுனையின் பெயர் அதுதான்.

பட்டப்பெயர்களை நேராகப் பொருள் கொள்ளக் கூடாது. போப், பிஷப், கிங் என்ற பெயருள்ளவர்களின் முன்னோர் அந்தப் பதவியில் இருக்கவில்லை. ஊர் நாடகத்தில் அந்த வேடம் போட்டிருக்கலாம், அல்லது நடையுடையில் அப்படி இருந்திருக்கலாம். திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப்புக்கும் ரோம் நகருக்கும் சம்பந்தமில்லை.

படி 5: மலைநாட்டுப் பெயரானால் தனிக் கணக்கு

கேலிக் மொழியில் 'மாக்' என்றால் மகன், பெண்ணுக்கு 'நிக்'. (தமிழ் மகனோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், அதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டாம்.) மெக்கின்டயர் தச்சன் மகன், மெக்டாகர்ட் பாதிரி மகன், மெக்கவன் கொல்லன் மகன். சிறிய 'சி' மட்டும் போட்டு 'மெக்' எழுதினால் அயர்லாந்து, 'ஏ' சேர்த்தால் ஸ்காட்லாந்து என்று சொல்வது கட்டுக்கதை. அது வெறும் சுருக்கெழுத்து. ஒரே ஆளுக்கு ஒரே பதிவேட்டில் இரண்டும் வரும்.

மாக்கிற்குப் பின் வரும் மெய் மென்மையாகும் இலக்கணம் பெரிய குழப்பம் செய்யும். தாமஸின் 'த' கேலிக்கில் 'ஹ' ஆகிக் கரைய, மாக்கின் 'க்' அடுத்த உயிரோடு ஒட்டி மெக்கோம்பி பிறக்கிறது. டொனால்டின் 'ட' இதேபோல் கரைந்து சில குடும்பங்களில் மெக்டொனால்ட், மெக்கானல் ஆகியிருக்கிறது. மொழிபெயர்ப்பும் நடந்தது: மெக்கின்டயர் ரைட் ஆனார், மெக்கவன் ஸ்மித் ஆனார். கேம்ப்பெல் கோணல் வாய், கேமரன் கோணல் மூக்கு. ஆனால் தாழ்நிலத்துக் கேமரன் சிலருக்கு ஃபைஃப் பகுதி ஊர்ப்பெயர்.

கிளான், அதாவது மலைநாட்டுக் குலத்தின், பெயர் இருந்தால் இரத்த உறவு என்று முடிவு கட்டாதீர்கள். தலைவன் நிலத்தில் குடியிருந்தவர்கள் பாதுகாப்புக்காக அவன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்திசையிலும் நடந்தது. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் அரசர் மெக்ரெகர் என்ற பெயரையே தடை செய்தார். இடையில் சில காலம் நீங்கினாலும், தடை முழுமையாக ஒழிந்தது 1774இல்தான். அந்தக் குடும்பங்கள் கேம்ப்பெல், கிராண்ட், மர்ரே, டிரம்மண்ட் என்று பிரிந்து ஒளிந்தன. புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் கேம்ப்பெல் என்று கையெழுத்திட்டவர்தான்.

இந்த வலைக்குள் உதவும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே ஆவணங்களிலும் கல்லறைகளிலும் இருப்பார்கள். இரண்டு, பெயர் சூட்டும் வழக்கம்: மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். எல்லோரும் கடைப்பிடித்ததில்லை; ஆனால் ஒரே பங்கில் நான்கு ஜான் மெக்லியாட்கள் நின்றால், பிள்ளைகள் பெயர் வரிசைதான் பிரித்துக் காட்டும். வடகிழக்கு மீனவ ஊர்களில் ஒரே பெயர்க்காரர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் 'டீ நேம்' என்ற துணைப் பட்டத்தை அரசுப் பதிவிலேயே எழுதினார்கள். கண்டால் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: முடிவைச் சோதியுங்கள்

இங்கிலாந்தில் பெயரை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பழக்கமே போதும். பழைய ஆவணங்களில் இரு பெயர்களுக்கு நடுவே 'அலையஸ்' (என்கிற) வந்தால் குற்றவாளி என்று பொருளல்ல. சொத்து, தாய்வழி, மறுமணம் எதுவும் காரணமாகலாம். மேலே சொன்ன தாமஸ் கிராம்வெல்லின் சகோதரி ஒரு வில்லியம்ஸை மணந்தார். அவர்கள் மகன் ரிச்சர்ட், மாமன் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ரிச்சர்டின் கொள்ளுப்பேரன்தான் 17ஆம் நூற்றாண்டில் மன்னராட்சியை நீக்கி இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல். ஆண்வழியில் அவர் வேல்ஸ் நாட்டு வில்லியம்ஸ்.

இப்படிப்பட்ட முறிவுகளை ஒய் குரோமோசோம் சோதனை காட்டும். அதுவும் பெயரைப் போலத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. அதே பெயருள்ள, ஆனால் உறவு தெரியாத இரண்டு ஆண்களாவது 37 மரபணுக் குறிகளுக்குக் குறையாத சோதனை செய்து ஒப்பிட வேண்டும். அரிய பெயரில் நல்ல பலன் தரும். ஸ்மித்துக்குப் பணம் வீண்.

அகராதியைத் திறப்பது இப்போதுதான். விளக்கத்தோடு, மிகப் பழைய பதிவின் ஆண்டையும் கவுண்டியையும் தருகிற அகராதியை மட்டும் நம்புங்கள். உங்கள் வரைபடத்திலிருந்து 300 மைல் தள்ளி அது ஓர் ஊரைக் காட்டினால், உங்கள் குடும்பத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். குடும்பப் பெயரைச் சொன்னதும் சட்டம் போட்ட 'குலச் சின்னம்' விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் நீதிமன்றம் அதைக் கண்காணிக்கிறது. அடுத்தவர் சின்னத்தைத் தன்னுடையதாகப் பயன்படுத்துவது அங்கே சட்டப்படி குற்றம்.